பத்து நாள் சோதனை

குக்கர் முதல் உடம்பில் பொருத்திய உறுப்புகள் வரை எல்லாவற்றையும் ஓட்டும் கெர்னல் என்ற மைய மென்பொருளில், ஒவ்வொரு கருவியையும் இயக்கவைக்கும் டிரைவர் நிரல்களில் வழக்கொழிந்தவற்றைக் களையெடுப்பது நப்பின்னையின் வேலை.

“சந்தேகமா இருந்தா பத்து நாள் எடுத்துவச்சுப் பாரும்மா. வேணுங்கிறவன் கத்துவான்,” என்பார் மேலாளர் சவரிமுத்து.

அப்படித்தான் ஒரு பழைய செயற்கைத் தொண்டையின் டிரைவரை எடுத்துவைத்தாள். அன்று மாலையே வீடு அமைதியானது. ரசத்தில் தொடங்கி அவள் பிறந்த வீடு வரை வைதுதீர்க்கும் மாமனார், கழுத்தைத் தொட்டுக்காட்டி வாயை மட்டும் அசைத்தார். நப்பின்னைக்கு உடனே புரிந்தது.

ஒன்பதாம் நாள் அவர் காலண்டர் தாளில் எழுதி நீட்டினார்: “அம்மாடி, நீ கம்ப்யூட்டர்காரிதானே, இதைச் சரிபண்ணேன்.”

பத்து வருடத்தில் முதல் அம்மாடி. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“யாராச்சும் கத்தினாங்களா?” என்று மறுநாள் சவரிமுத்து கேட்டார்.

“ஒரு சத்தமும் இல்ல சார்,” என்றபடி அந்த டிரைவரை நிரந்தரமாக அழித்தாள்.