பின் இருக்கை

“தம்பி, அந்த ஒத்த சீட்டு ஜெட்டுக்கு நீ போவாத. நீயாவே விலகிக்கோ.”

எதை வேண்டுமானாலும் பேசு, இதை மட்டும் அவனிடம் கேட்காதே என்று அம்மா மங்களம் வாசலிலேயே எச்சரித்திருந்தாள். தினேஸ்வரி கேட்டேவிட்டாள்.

கோகிலன் சிரித்தான். “அதே பயிற்சி விமானம்தான்கா. எஞ்சினைப் பெருசாக்கி, குண்டு மாட்டி, பின் சீட்டை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் லா.”

“பின் சீட்டு வாத்தியாருக்கு. நீ தப்புப் பண்ணா பிடிக்க ஆளு உண்டு. இதுல யாரு பிடிப்பா?”

“ஏண்டி அபசகுனமா பேசுற?” அம்மா சீறினாள். “ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன சன்னாசி மகன் தனியா ஜெட் ஓட்டப் போறான்னு ஈப்போ ஊரே பேசுது. பயமா இருந்தா வாய மூடிக்கிட்டு இரு.”

“பயம்தான்மா. கண்ண மூடினா கடல் தெரியுது.”

“எந்தக் கடல்?”

“போன வாரம் மேகத்துக்குள்ள இவனுக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியல. நேரா கடலைப் பார்த்து இறக்கிட்டான்.”

“இவனேதான் மறுபடி மேல தூக்கிட்டேன்னு சொன்னானே!”

கோகிலனின் சிரிப்பு நின்றது. “அக்கா, வேணாம்.”

“இவன் கை மரத்துப் போச்சும்மா. தூக்கினது பின் சீட்டு.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“இவனோட வாத்தியாருக்கு அன்னைக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலா பின் சீட்டுல உட்கார்ந்தது நான்.”

தம்பி தரையைப் பார்த்தான். விலகுகிறேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

தினேஸ்வரி மேசையிலிருந்த தன் விமானப்படைத் தொப்பியை எடுத்தாள்.

“எங்கடி போற?”

“இவன் தேறலன்னு அதிகாரிகிட்ட சொல்ல.”

“அவன் உன்னை மன்னிக்கவே மாட்டான்டி!”

“மன்னிக்காம இருக்க அவன் உயிரோட இருக்கணும்லமா,” என்றபடி வாசலைத் தாண்டினாள்.