இரண்டு அம்புகள்

கணினித் திரையில், படகு கவிழ்ந்த இடத்தில் இரண்டு அம்புகள் தெரிந்தன. ஒன்று வடக்கே, மற்றொன்று தெற்கே.

"சீக்கிரம் சொல்லும்மா. ஹெலிகாப்டர் ஒரு பக்கம்தான் போக முடியும். திரும்பி வந்து மறுபக்கம் தேடறதுக்குள்ள இருட்டிடும்." தொலைபேசியின் ஒலிபெருக்கியில் மீட்பு அதிகாரி அவசரப்படுத்தினார்.

திரையின் முன்னிருந்த அவள் இரண்டு அம்புகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கடலில் தகவல் அனுப்பாமல் ஊமையாகிப்போன காற்றளக்கும் மிதவையை, புயல் வருமுன் பழுதுபார்க்கப் போன படகு அது. அவர்களுடைய வானிலை அலுவலகத்துப் படகுதான். படகோட்டிகள் இருவர், மெக்கானிக் ஒருவர். உயிர்காப்புத் தெப்பம் விரிந்ததாக ஒரு சமிக்ஞை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

தெப்பத்தைக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்ல, சற்றுமுன் அந்தக் கடலைக் கடந்துபோன செயற்கைக்கோளை விட்டால் வேறு நாதியில்லை.

அதற்கும் காற்று நேராகத் தெரியாது. நுண்ணலைகளைக் கீழே வீசும். காற்று எழுப்பிய சிற்றலைகளில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும். வேகத்தை அடித்துச் சொல்லிவிடும். திசையில்தான் வில்லங்கம். பல நேரம் நேரெதிரான இரண்டு திசைகளுக்கும் கணக்கு பொருந்தித் தொலைக்கும்.

கணினி தெற்கைத் தேர்ந்திருந்தது. புயலின் மையம் படகுக்குக் கிழக்கே இருக்கும் என்ற முன்கணிப்பை நம்பி எடுத்த முடிவு.

ஆனால் படகுக்கு மேற்கே ஒரு திட்டில் காற்று, புயலின் மையத்தில் அடங்குவதுபோல் அடங்கிக் கிடந்தது. மையம் அங்கே நகர்ந்திருந்தால், இடஞ்சுழியாகச் சுற்றும் காற்று தெப்பத்தை வடக்கே அல்லவா கொண்டுபோயிருக்கும்?

அந்தத் திட்டே பொய்யாகவும் இருக்கலாம். அடைமழை, இந்தக் கருவியின் கண்ணில் மண்ணைத் தூவிவிடும்.

"கம்ப்யூட்டர் சொன்னதையே சொல்லிடும்மா. நாளைக்கு யாரும் நம்மள கேள்வி கேக்க முடியாது" என்று மேலாளர் காதோரம் கிசுகிசுத்தார். கெட்டவரில்லை. பயந்த சுபாவம்.

அவள் திரையில் படகைச் சுற்றியிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணினியின் தேர்வுப்படி அந்தத் திட்டின் ஓரத்தில் அம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவற்றைத் திருப்பிப் போட்டாள். திட்டைச் சுற்றி வளையமாகக் கூடிவந்தன.

மழையாக இருந்தால்?

ஹெலிகாப்டரின் சத்தம் எங்கோ தேய்ந்து மறைவதை, தெப்பத்தில் கிடப்பவன் கேட்டுக்கொண்டிருப்பான். கத்துவான். தொண்டை கட்டும்வரை கத்துவான்.

"வடக்கே" என்றாள். அதிகாரிக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னாள்.

அதன்பின் அவள் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. மேலாளர் கொடுத்த தண்ணீர் டம்ளரை வாங்கிக் குடிக்காமலே மேசையில் வைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டே போனது. ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பியது. தப்பாகச் சொல்லிவிட்டோம், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மனம் ஒரே பாட்டைப் பாடிற்று.

"கிடைச்சுட்டாங்க!" என்றது ஒலிபெருக்கி. "வடக்கேதான். மூணு பேரையும் தூக்கியாச்சு. உயிரோட இருக்காங்க."

மேலாளர் மேசையைத் தட்டிக் கூத்தாடினார். அவள் அசையவில்லை.

"அந்த மெக்கானிக்தான் ஓயாம ஒரே கேள்வி கேக்கறாராம், சம்சாரத்துகிட்ட சொல்லியாச்சான்னு. அவங்க நம்பர் இருக்கா?"

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவனுக்கு ஏது சார் சம்சாரம்? கட்டைப் பிரம்மச்சாரி! கடல் தண்ணிய குடிச்சுட்டு உளர்றான்."

அவள் எழுந்தாள். தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"சொல்லியாச்சுன்னு சொல்லுங்க சார்."