தோத்தும் எழுந்திருக்காத மருதமுத்து

தோத்துப் போனவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பத்து பெரண்டாம் ஊரில் சுசீலா அக்காவின் வீடியோ கேம் கடையில் ஒரே சட்டம்தான். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோதுகிற சண்டை மிஷினில் ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

மருதமுத்து ஒரு வாரமாக இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்றதும் இன்னொரு டோக்கன் போடுவார். மறுபடியும் தோற்பார்.

"அண்ணே, எழுந்திருங்கலா," என்றாள் தேவமலர். அவர் வேலை செய்கிற பேக்டரியில்தான் அவளும் ஆப்பரேட்டர். ஓவர்டைம் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தாள்.

"வலது பக்கம் காலியாகும் தங்கச்சி. அங்க உக்காரு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முன்னெல்லாம் உங்க காம்போவைப் பாக்கவே கூட்டம் நிக்கும். இப்ப வெறும் உதைதான் வருது. வயசாயிட்டா வீட்டுல உக்காந்து நியூஸ் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மருதமுத்துவும் சிரித்தார். ஸ்டூல் மட்டும் நகரவில்லை.

தேவமலர் கவுண்டர் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க கேக்க மாட்டீங்களா? டவுன்ல புதுக் கடை திறந்திருக்கு. அங்க இதே மிஷின் ரெண்டு இருக்கு. நாங்க எல்லாம் அங்க போயிடறோம்."

சுசீலா அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. மற்ற மிஷின்கள் கரண்டு பில்லுக்கே காணாது. கடை வாடகை கட்டுவது இந்தச் சண்டை மிஷின்தான்.

"மருது, அவ சொல்றது நியாயம்தானே. எழுந்திரிப்பா."

மருதமுத்து ஸ்டூலை விட்டு எழுந்தார். வலது பக்கம் ஜெயித்து உட்கார்ந்திருந்த தினேஷ்வரனிடம், "தம்பி, ஒரே ஒரு ஆட்டம். இவளோட நான் ஆடிக்கிறேன்," என்று கேட்டு வாங்கி அங்கே உட்கார்ந்தார்.

தேவமலர் இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள்.

அவள் வித்தை எல்லோருக்கும் தெரியும். ஆளை நகர்த்துகிற கோலைக் கீழே இழுத்து, குறுக்கே உருட்டி, முன்னே தள்ளி, அதே மூச்சில் குத்துப் பட்டனை அமுக்குவாள். நெருப்பு பறக்கும். அடிபட்டவன் தலை நிமிர்வதற்குள் அடுத்த உதை, அடுத்த குத்து என்று காம்போவாகக் கோர்த்துவிடுவாள். நடுவில் ஒன்று தவறினாலும் மிஷின் அதைச் சாதா குத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இழுத்தாள், உருட்டினாள், தள்ளினாள், அமுக்கினாள்.

சாதா குத்து.

மறுபடியும் சாதா குத்து.

கோலை வெறுமனே கீழே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். திரையில் குனிய வேண்டிய அவள் ஆள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"கீழ போகாது," என்றார் மருதமுத்து, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "உள்ள சுவிட்ச் போன வாரமே போயிடுச்சு."

"அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அந்த நிமிஷமே ரோசாக், கெட்டுப்போச்சுன்னு போர்டு மாட்டி மிஷினை நிறுத்திடுவாங்க. உங்க காசை வாங்க அவங்களுக்கு மனசு வராது. அப்புறம் வாடகைக்கு எங்க போவாங்க?"

"அதுக்கு?"

"கோலாலம்பூர்ல சுவிட்ச் சாமான் சொல்லி வச்சிருக்கேன். வர ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் கெட்ட பக்கத்துல நான் உக்காந்துட்டா, வர்றவங்களுக்கு நல்ல பக்கம் கிடைக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

திரையில் தேவமலரின் ஆள் மல்லாக்க விழுந்தான்.

"என்ன தேவா, உன் காம்போ எங்க?" என்று தினேஷ்வரன் கேட்டான்.

"கை வரல."

"அப்ப எழுந்திரு. தோத்தாச்சில்ல?"

தேவமலர் இன்னொரு டோக்கனைப் போட்டாள். பிறகு மருதமுத்து பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

"அண்ணே, அடுத்த வாரம் உங்களுக்கு நைட் ஷிப்ட். நீங்க வர முடியாது. சாமான் வர்ற வரைக்கும் இந்தப் பக்கத்தை என்கிட்ட விட்டுட்டுப் போங்க."