பார்க்கிற பக்கம் வண்டி போகும்

“இந்த வண்டியோடவே நீங்க குடும்பம் நடத்துங்க! நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்!”

சிந்துவின் குரல் அடுகோடியின் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுச் சொர்ணத்துக்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. அவள் ஏற்கெனவே வாசலுக்கு வந்து, காய்ந்துபோன துணியை மறுபடியும் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“கத்தாத சிந்து. உனக்காகத்தான் வீல் மாத்தினேன்” என்றான் கிஷோர்.

“நான் கேட்டேனா? ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி எத்தனை நாளாச்சு? அதுக்கு வழியைக் காணோம். வண்டிக்கு மட்டும் புது வீல்!”

“பழசு கனம்மா. அன்னிக்குத் திருப்பத்துல வண்டியைத் திருப்ப முடியாம கீழ போட்டுட்டியே... அதான். இது லேசு. ஹேண்டிலோட மல்லுக்கட்ட வேண்டாம்.”

“நான் எதுக்கு ஓட்டணும்? கட்டிக்கிட்ட புருஷன் எதுக்கு இருக்கீங்க?”

கிஷோர் பெட்ரோல் டாங்கை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றான்.

கல்யாணமான புதிதில், சாயங்காலம் ஆனால் போதும், ரெண்டு பேரும் இந்த வண்டியில் ஏறிப் பறந்துவிடுவார்கள். இப்போது இருட்டிவிட்டால் கிஷோர் வண்டியைத் தொடுவதே இல்லை. ஆபீஸ் வேலையையும் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறான். அதுவாவது பரவாயில்லை. பொழுது சாய்ந்தால் ஆளின் நடையே சரியில்லை. போன வாரம் சொர்ணத்தின் ரோஜாத் தொட்டியை உதைத்து உருட்டினான். அதற்கு முன்னால், ஓரமாக நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு அப்பாதுரையின் ஸ்கூட்டரோடு போய் மோதிக்கொண்டான்.

“ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடறான்” என்று, பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தவள் மாதிரி, சொர்ணம் சந்து முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். பெண்டாட்டிக்கு எதற்கு வண்டி பழக்குகிறான் என்பதற்கும் அவளே காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கறிவேப்பிலை கொடுக்கும் சாக்கில் சிந்துவின் காதிலும் போட்டாயிற்று.

“தனியாப் பழகிக்கோன்னு விட்டுட்டு எங்கயோ போகப் போறீங்க, அதானே? யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?” என்றாள் சிந்து. பேச்சு சொர்ணத்துடையது; அழுகை மட்டும் அவளுடையது.

சொர்ணம் பொறுக்கமாட்டாமல் வந்தாள். “ஏம்ப்பா கிஷோர், சும்மா சொல்லக்கூடாது, அது குழந்தை மாதிரிப் பொண்ணு. அது ஓட்டணும்னா ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடு. இந்த எருமையை எதுக்கு அது தலையில கட்டுற?”

“மொத சம்பளத்துல வாங்கின வண்டி, அக்கா. விக்க மனசு வரல. இதுலயே போகணும்னு ஆசை.”

“யாரு போகணும்?”

கிஷோர் பாக்கெட்டில் சாவியைத் தேடினான். சொர்ணம் சிந்துவைப் பார்த்து, ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று புருவத்தை உயர்த்தினாள்.

சிந்து உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிஷோர் சாவியை நீட்டினான்.

“போகலாம். தடுக்க மாட்டேன். மெயின் ரோடு வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வா. அப்பவும் போகணும்னா நானே ஆட்டோ பிடிச்சு ஏத்தி விடறேன்.”

அவள் சாவியைப் பிடுங்கினாள்.

“கேளு. முன்ன மாதிரி ஹேண்டிலை இழுக்காத. இழுத்தா சட்டுனு மடங்கிடும். லேசாச் சாஞ்சாலே திரும்பும். பள்ளத்தைப் பாத்தியோ, பள்ளத்துலதான் விழுவ. நீ பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும்.”

கேட்டாளோ என்னவோ, கோபத்தோடு கிளம்பிப் போய்விட்டாள். பை வாசலிலேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் பொழுது சாய்ந்து, கரண்டும் போயிற்று. ஆனாலும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. அப்பாதுரை வீட்டுக் கொடியில் எந்தச் சேலை காய்கிறது என்பதுகூடச் சொர்ணத்துக்குத் தெரிந்தது. கிஷோர் அசையாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மெயின் ரோடு திருப்பத்தில் சிந்து பழைய பழக்கத்தில் ஹேண்டிலை இழுக்கப் போனாள். அதற்குள் வண்டி சாய்ந்து, திரும்பி, நேராகவே ஆகிவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது. சந்து முனையிலிருந்து இறக்கம். இன்ஜினை அணைத்துவிட்டு, அவன் எப்போதும் செய்வதுபோல, சத்தமில்லாமல் உருண்டு வந்தாள்.

சற்றுத் தள்ளியே ஸ்டாண்டு போட்டுவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். ‘சரி, நல்லாத்தான் திரும்புது’ என்று சொல்லலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நேரம் முறைக்கலாமா என்று யோசித்தாள். அவனோ அவள் தோளுக்கு மேலாகச் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு திமிரா என்று அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது. பையை எடுக்கக் குனிந்தாள்.

அப்போது கிஷோர் எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, தணிந்த குரலில் கேட்டான்:

“அக்கா, அங்க இருக்கீங்களா? சிந்து வர்றாளான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

சொர்ணத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்ல எதுவும் வரவில்லை.

சிந்து பையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள். திடுக்கிட்டவன், அது யார் கை என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“இப்போதைக்கு ராத்திரி மட்டும்தான் தெரியல சிந்து.”

அடுத்த மாதம் அவர்கள் சந்தாபுராவுக்கு வீடு மாறிப் போனார்கள். வண்டியைச் சிந்துதான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்தவன், “பார்க்கிற பக்கம்... பார்க்கிற பக்கம்...” என்று சந்து முனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான்.