முப்பது வெள்ளைக் கல்

"வெள்ளை முப்பது. கறுப்பு முப்பத்தொண்ணு."

ஊர்த்தலைவர் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று தட்டியும் காட்டினார்.

"சமமா வந்திருந்தாக்கூட விட்டிருப்போம் ஆர்கியாஸ். ஒரே ஒரு கல்லுல போயிட்டே."

அவ்வளவுதான். காலையில் அவன் அக்ரீலியா ஊர் ஆர்கியாஸ். மத்தியானம் வெறும் ஆர்கியாஸ். ஊர்ப் பட்டியலில் பெயர் இல்லாதவன் ஏதென்ஸ் நகரத்துக்கு அந்நியன். ஓட்டு கிடையாது, நிலம் கிடையாது. அப்பன் நட்ட ஒலிவ மரத்தில் ஒரு காய் பறித்தாலும் திருட்டு.

அந்த வருஷம் நகரத்துக்கு ஒரு சந்தேகம் பிடித்திருந்தது. கண்டவனெல்லாம் குடிமகன் என்று புகுந்துவிட்டானாம். ஒவ்வொரு ஊரும் தன் பட்டியலைச் சலித்து அனுப்பு என்று உத்தரவு. அக்ரீலியாக்காரர்கள் வஞ்சனையில்லாமல் சலித்தார்கள்.

ஆர்கியாஸின் செத்துப்போன அம்மா, மீனில் சீரகம் போட்டவளாம். "நம்ம ஊர்ப் பொம்பளை எவளாவது போடுவாளா?" என்று ஒருத்தன் கேட்டான். ஊரே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மூடிய கையோடு ஒவ்வொருத்தராக வந்து ஜாடிக்குள் கல்லைப் போட்டார்கள்: நம்ம ஊர்க்காரன் என்றால் வெள்ளை, அந்நியன் என்றால் கறுப்பு. எவன் கல் எந்த நிறம் என்று ஜாடிக்குக்கூடத் தெரியாது.

நகர நீதிமன்றத்தில் முறையிடலாம். ஜெயித்தால் பெயர் திரும்பும். தோற்றால் சந்தையில் அடிமையாக நிறுத்தி விற்றுவிடுவார்கள். 'இவன் அம்மாவும் அப்பனும் எங்க ஊர் ஜனம்தான்' என்று சத்தியம் செய்ய ரெண்டு பேர் வந்தால் போதும்.

ரெண்டே பேர். வெள்ளை போட்டவர்களே முப்பது பேர் இருக்கிறார்களே!

முதலில் வந்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பாம்பிலோஸ். கையில் அத்திப்பழம், கண்ணில் தண்ணீர்.

"என் கல்லு வெள்ளைடா ஆர்கியாஸ். உங்க அம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்! அந்த மீனை நினைச்சா இப்பவும்..."

"அப்ப நகரத்துக்கு வந்து அதைச் சொல்லு."

பாம்பிலோஸின் கண்ணீர் நின்றுவிட்டது. "வரலாம்தான். பல்லுவலிடா. வாயைத் திறந்தா உயிர் போகுது."

அதுவரை வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போனான்.

அடுத்து ஆட்டுக்காரத் தெரோன், பாலாடைக்கட்டியோடு.

"மாப்ளே, நான் வெள்ளை. சாமி சத்தியமா."

"சாட்சிக்கு வர்றியா?"

"ஆடு குட்டி போடுற நேரம்."

"எந்த ஆடு?"

"எல்லா ஆடும்." தெரோன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு என் பேரு வருதுடா. இன்னிக்கு உனக்குப் பரிஞ்சு பேசினேன்னு வை, நாளைக்கு எங்க அம்மா அடுப்பையும் கிளறுவானுங்க."

அப்புறம் தச்சன் வந்தான். பூசாரி வந்தார். ஊர்த்தலைவரே வந்து, "நான் வெளியில சொல்லக்கூடாது. ஆனா வெள்ளை" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று பேர் வந்து வெள்ளை போட்டதாகச் சொல்லிவிட்டார்கள். ஜாடிக்குள் கல் குட்டி போட்டிருக்க வேண்டும். சாட்சிக்கு மட்டும் ஒருத்தன் சிக்கவில்லை.

மனைவி மெலித்தா பழங்களை மடியில் வைத்துக்கொண்டு திணறினாள்.

"கொட்டி வைக்க இடமில்ல. நம்ம பெரிய கூடை எங்கே?"

"நேத்து ஒருத்தன் வீட்டுக்குப் போச்சு. வரும்."

"சாட்சி இல்லாம நகரத்துக்குப் போகாதீங்க. ஒலிவ மரம் போனாப் போகுது. அந்நியனாவே இருந்துக்கலாம். உங்களைச் சந்தையில நிறுத்தி ஒருத்தன் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்கிட்டுப் போறதை என்னால பார்க்க முடியாது."

"பிள்ளைங்களுக்கு ஊர் வேணாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. மாந்தியாஸ். நேற்று பட்டியலிலிருந்து விழுந்தவன். அவன் செத்துப்போன அப்பாவுக்குச் செந்தாடி, அதுதான் குற்றம். அவனும் ஒரே கல்லில் போனவன்.

"நேத்து நீங்க பழம் கொண்டாந்த கூடையைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே."

"வா மாந்தியாஸ். இன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள வந்து, வெள்ளை போட்டேன்னு சொல்லாத ஆளு நீ ஒருத்தன்தான்."

"எப்படிச் சொல்றது? நேத்தோட என் கல்லைப் பிடுங்கிட்டாங்களே." மாந்தியாஸ் சிரிக்கப் பார்த்தான். "இருந்திருந்தா வெள்ளைதான். முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. நீங்க இப்ப ஊர்க்காரரா இருந்திருப்பீங்க."

மெலித்தாவின் மடியிலிருந்து உருண்ட பழத்தை ஆர்கியாஸ் குனிந்து பொறுக்கினான்.

"சாட்சிக்கும் வந்திருப்பேன். இனிமே என் சத்தியம் யாருக்கு வேணும்?"

"நீ... நீ முறையிடலியா?"

"யாரு வருவா அண்ணே? நீங்க வந்திருப்பீங்க. உங்களுக்குத்தான் திடீர்னு முதுகு பிடிச்சுக்கிச்சு. இப்ப எப்படி இருக்கு, தேவலையா?"

மெலித்தா புருஷனின் முதுகைப் பார்த்தாள். அது நேராகத்தான் இருந்தது.

மாந்தியாஸ் கூடையை நீட்டினான். கழுவித் துடைத்து, அடியில் புது இலைகூடப் போட்டிருந்தான்.

"என் வீட்டுக்கும் நேத்து நாற்பது பேர் வந்தாங்க அண்ணே. எல்லாருமே வெள்ளை போட்டாங்களாம். நான் நம்பினது உங்க ஒருத்தரை மட்டும்தான்."

ஆர்கியாஸ் இடது கையால் கூடையை வாங்கினான். வலது கை எழவில்லை. நேற்று மாந்தியாஸின் பெயரைப் படித்தபோது, ஜாடிக்குள் கறுப்புக் கல்லைப் போட்டது அந்தக் கைதான்.