மூத்த கம்பியின் முதுகுப் பிடிப்பு

கைப்பிடியைச் சுற்றினால் தானே வாசிக்கும் பழைய குட்டிப் பியானோ ஒன்றில், ஒரு சுத்தியலுக்கு இரண்டு கம்பிகள் வாய்த்திருந்தன. இரண்டும் ஒரே ஸ்வரத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாளும் சொன்னதில்லை.

"சின்னவனுக்குச் சுருதி ஞானமே கிடையாது" என்பது மூத்த கம்பியின் நெடுநாள் தீர்ப்பு.

பியானோவைச் சீர்செய்ய ஒருவர் வந்தார். இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டு சின்னக் கம்பியை மீட்டினார். "இது சரி." மூத்ததை மீட்டியதும் முகம் சுளித்துக் கட்டிங் பிளேயரை எடுத்தார். "முறுக்கிப் பார்ப்போம். நிற்காவிட்டால் வெட்டிவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான்."

சுத்தியல் மூத்த கம்பியிடம் கெஞ்சியது. "அண்ணே, இந்த ஒரு தடவை வளைந்து கொடுங்கள்!"

"நானா? சின்னவனிடம் போய்ச் சொல்லு."

முறுக்காணி திரும்பியது. மூத்த கம்பி முனகிக்கொண்டே மேலேறி, சரியான இடத்தில் நின்றது. கட்டிங் பிளேயர் பெட்டிக்குள் போயிற்று.

கைப்பிடி சுழன்றது. சுத்தியல் பயந்து பயந்து தட்ட, இரண்டும் ஒரே குரலில் பாடின.

"கேட்டாயா? சின்னவன் ஒருவழியாகத் திருந்திவிட்டான்" என்றது மூத்த கம்பி.

"முறுக்கியது உங்களை அல்லவா, அண்ணே?"

"அதுவா? முதுகுப் பிடிப்பு. கொஞ்சம் நீவிவிட்டார்."

சின்னக் கம்பி பதில் சொல்ல வாயெடுத்தது. சுத்தியல் முந்திக்கொண்டு அடுத்த அடியைப் போட்டது.