திறந்த பானெட்டுகள்

சங்ககிரி பைபாஸ் டீக்கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஐந்து நண்பர்களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் மின்னுகின்றன. கதவுகள் திறந்து கிடக்க, ஐந்திலும் டோனி நடத்தும் இணைய வானொலிதான் பாடிக்கொண்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் பாட்டுப் போடுவதை நிறுத்தப் பாட்டுக் கம்பெனி கொடுத்த கெடு இன்று பகல் பன்னிரண்டு மணி. அதற்குமேல் பாடினால் வழக்கு. அவகாசம் கேட்டு நேயர்கள் எழுதுவதாக டோனி அடித்துவந்த கடிதம் டீ கிளாசுக்கடியில் படபடக்கிறது. அதில் ஒரு கையெழுத்துகூட இல்லை. "எங்க பேரும் கேஸுல வந்துருமுங்க, டோனி," என்கிறார் அறிவு. வேலுசாமி எழுந்துபோய்த் தன் சிவப்புக் காரை ஸ்டார்ட் செய்கிறார், புகைதான் வருகிறது. ஒரு வண்டி படுத்துவிட்டால் மற்ற வண்டிகளும் பானெட்டைத் தூக்கிவைத்து உடன் நிற்பது இவர்கள் வழக்கம். எல்லோரும் ஓடுகிறார்கள். டோனியின் கார் பானெட்டையும் அறிவே தூக்கிவிடுகிறார். பேனாவைத் தொடாத கைகள் மணிக்கட்டுவரை கிரீஸுக்குள் போகின்றன. மணி பன்னிரண்டு. மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் டோனி செல்போனில் வானொலியை நிறுத்துகிறான். சற்று முன்பின்னாக ஐந்து கார்களிலும் பாட்டு அடங்குகிறது. எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே அறிவு கேட்கிறார்: "யாருகிட்டயாச்சும் பாட்டு ஏத்துன பென்டிரைவ் இருக்குதுங்களா?"